புதுப்பிப்பு: .22 மாற்று கிட்டில் கூடு சிக்கிய கதை

9 மி.மீ. பிஸ்டலில் .22 எல்.ஆர். மாற்று கிட் (சின்ன .22 தோட்டாவைச் சுடுவதற்கான மாற்று பாகங்கள்) போட்டதிலிருந்து பத்துக்கு மூன்று தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் சிக்குகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? கிட்டைத் திட்டியது என் தப்பு. நான் போட்டது வேகம் குறைந்த தோட்டா. .22-க்கு உதைப்பு குறைவு என்பதால்தான் கிட்டின் ஸ்லைடை (சுடும்போது பின்னுக்குப் போய்க் கூட்டை வெளியே தள்ளும் மேல் பாகம்) அலுமினியத்தில் லேசாகச் செய்கிறார்கள். அதைக்கூட முழுசாகப் பின்னுக்குத் தள்ள அந்தத் தோட்டாவுக்குத் தெம்பில்லை.

40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு உள்ள ஹை வெலாசிட்டி, அதாவது வேகம் கூடிய தோட்டாவுக்கு மாறினேன். 200 சுட்டதில் இரண்டே சிக்கல். ஒன்று வெடிக்கவே இல்லை. விளிம்பில் ஊசி பதிந்த தடம் மட்டும் இருந்தது. இப்படி விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டாவில் இது சகஜம்தான். அப்புறம், சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) மெழுகும் ஈயமும் கலந்த கறுப்புப் பிசுக்கு! அதை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

ட்ரிக்கர் இழுத்துப் பழக இந்தக் கிட் அருமை. உதைப்பு மறந்துவிடக் கூடாதே என்று, கடைசியில் 9 மி.மீ. ஸ்லைடை மாட்டி ஒரு மேகசீன் சுட்டுவிட்டே கிளம்புகிறேன்.