41 டிகிரி பிட்சிங் வெட்ஜுக்குப் பிறகு எந்த வெட்ஜ்களை வாங்குவது?

கேட்பவர்: கிண்டிப் புல்வெளி

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃபில் என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையச் சிறப்பு) 19. பல ஆண்டுகளாக வைத்திருந்த அயர்ன்களை (உலோகத் தலை மட்டைகளை) விற்றுவிட்டு, ஆறு மாதங்களுக்கு முன் பிங் ஜி430 அயர்ன்களை, ஐந்தாம் எண் முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஆறு மட்டைகளாக, ஒரு நண்பரிடமிருந்து வாங்கினேன். பந்து உயரமாகவும் தொலைவாகவும் போகிறது. அதில் குறை இல்லை. சிக்கல் நூறு கஜத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. பிட்சிங் வெட்ஜை முழு வீச்சில் அடித்தால் 125 கஜம் போகிறது. அதற்கு அடுத்துப் பையில் இருப்பது பழைய 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து அடிக்க உதவும் மட்டை; டிகிரி என்பது முகத்தின் சாய்வு). அது 80 கஜம். இடைப்பட்ட 45 கஜத்துக்கு என்னிடம் மட்டையே இல்லாததால், பிட்சிங் வெட்ஜை அரை வீச்சில் அடிக்க முயன்று, ஒரு நாள் கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தளத்தை) தாண்டியும் மறுநாள் அதற்கு முன்னிருக்கும் பங்கருக்குள்ளும் (மணற்குழிக்குள்ளும்) பந்தை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் 52, 56, 60 ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்கிவிடச் சொன்னார்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் சொல்லவில்லை. டிரைவர், மூன்றாம் வுட், இரண்டு ஹைபிரிட், ஆறு அயர்ன், பட்டர் எனச் சாண்ட் வெட்ஜ் நீங்கலாக 11 மட்டைகள் உள்ளன. பையில் 14 மட்டைகள் வரைதான் அனுமதி, ஆகவே மீதம் மூன்று இடங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் 56இன் பவுன்ஸ் (அடிப்பாகத்தின் கோணம்) 14 டிகிரி. கோடையில் சென்னைத் தரை இறுகிக் கிடக்கும்போது, கிரீனருகே சிப் செய்தால் (பந்தைச் சிறிதாகத் தட்டி அனுப்பினால்) மட்டையின் அடிப்பாகம் தரையில் பட்டுத் துள்ளி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் மோதுகிறது. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில் 1: பழைய நிப்ளிக்

கடையில் சொன்ன தொகுப்பு தவறான தொகுப்பு அன்று. அது வேறொருவருடைய அயர்ன்களுக்கான தொகுப்பு. 1970களில் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 50 டிகிரியை ஒட்டியே இருந்தது; அதன்பின் 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் ஒன்று போதுமானதாக இருந்தது. பிட்சிங் வெட்ஜ் 46, 47 என்று இறங்கிய பிறகு, 52, 56, 60 என்ற வரிசை இயல்பாகவே பொருந்தியது. உங்களுடையதோ 41 டிகிரி. எழுத்து மட்டும்தான் பிட்சிங் வெட்ஜ், லாஃப்டைப் பார்த்தால் அந்நாளைய எட்டாம் அயர்னுக்கு நெருங்கிய உறவு. இதை ஏமாற்று வேலை என்று பலர் திட்டுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தலையின் எடையைக் கீழிறக்கி வைத்திருப்பதால் பந்து தானாகவே உயர எழும்புகிறது. லாஃப்டைக் குறைக்காமல் விட்டிருந்தால் அது வானத்தைப் பார்த்துப் போய்ப் பாதி வழியில் விழுந்திருக்கும். ஆனால் அதன் விலையை வெட்ஜ்களில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

41க்கு அடுத்து 52 வாங்கினால் 11 டிகிரி இடைவெளி அப்படியே நிற்கும். உங்கள் தொல்லையில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பதால், மூன்று மட்டைகளுக்குப் பணம் கொடுத்த பின்பும் 110 கஜத்தில் அதே அரை வீச்சுதான். வெட்ஜ்களுக்கிடையே நான்கு முதல் ஆறு டிகிரி, தொலைவில் பத்து முதல் பதினைந்து கஜம் என்பது பொதுவான கணக்கு. இதே ஜி430 வரிசையில் 45.5, 50, 54, 58 என்று வெட்ஜ்கள் உண்டு. அவற்றில் 45.5, 50 இரண்டையும் வாங்கி, கையிலுள்ள 56ஐ இப்போதைக்கு வைத்துக்கொண்டால், 41, 45.5, 50, 56 என்ற வரிசை கிடைக்கும். 14 என்ற வரம்பும் சரியாக நிறையும்.

அந்த இரண்டையும் அயர்ன் வரிசையிலேயே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 45.5ஐயும் 50ஐயும் நீங்கள் பெரும்பாலும் முழு வீச்சிலேயே அடிப்பீர்கள்; முழு வீச்சில் பந்து முகத்தின் நடுவில் படாத நாள்களே நம் ஹேண்டிகேப்பில் அதிகம். பின்புறம் குழிந்த அயர்ன் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய பிளேடு வெட்ஜ் பொறுத்துக்கொள்ளாது, பத்து கஜம் குறைத்துக் காட்டிவிடும். சாண்ட் வெட்ஜ் கதை வேறு. அதை முகம் திறந்தும் மூடியும், மணலிலும் உயர்ந்த புல்லிலும் ஆடுகிறோம் என்பதால், அதை அயர்னோடு பொருத்திப் பார்ப்பதைவிடத் தரையோடு பொருத்திப் பார்ப்பதே சரி. மேலிரண்டும் அயர்னின் பிள்ளைகள், கடைசி மட்டை மண்ணின் பிள்ளை என்று நான் சொல்வதுண்டு.

பவுன்ஸ் பற்றிய உங்கள் சந்தேகம் சரியானது. அடிப்பாகத்தின் பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் கோணமே பவுன்ஸ். 1932இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரஸன் சாண்ட் வெட்ஜின் அடிப்பாகத்தை இப்படிக் கனமாக்கிக்கொண்டு, அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் திடலில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தையும் வென்றார். மணலுக்குள் மட்டை புதையாமல் வழுக்கி வெளியேற வேண்டும் என்பதே அதன் நோக்கம். மணலில் தெய்வமாக இருக்கும் அந்தக் கோணமே இறுகிய தரையில் பகையாகிறது. எட்டு முதல் பத்து டிகிரி வரை பவுன்ஸ் உள்ள 56 ஒன்றை வாங்கினால் கோடைத் துள்ளல் பெரிதும் அடங்கும்.

பதில் 2: ஈப்போ மழை

மேலே எழுதிய ஐயாவின் லாஃப்ட் கணக்கை முழுதாக ஏற்கிறேன். பவுன்ஸ் கணக்கில் மட்டும் ஒரு வார்த்தை. நான் ஆடுவது மலேசியாவில். பிற்பகல் மழைக்குப் பின் தரை பஞ்சு போலாகிவிடும். ஃபேர்வேயில் (கிரீனுக்குப் போகும் புல் வெட்டிய பாதையில்) இங்கே பரவலாக உள்ள அகன்ற இலைப் புல்லில் பந்து சற்றே அமிழ்ந்து கிடக்கும். எட்டு டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜோடு ஈராண்டு போராடி, பந்துக்கு முன்னமேயே மண்வெட்டி போலத் தோண்டிக்கொண்டிருந்தேன். 14க்கு மாறிய பிறகுதான் நிம்மதி. ஆகவே கேள்வி கேட்ட நண்பர் 56ஐ மாற்றுவதற்கு முன், தாம் அதிகம் ஆடுவது மே மாதத்திலா நவம்பரிலா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று: டிவட் (அடிக்கும்போது பெயரும் புல்துண்டு) எப்படி இருக்கிறது? ஆழமாக வெட்டி எடுப்பவருக்குப் பவுன்ஸ் கூடுதலாக வேண்டும். புல்லை மேலோட்டமாகச் சீவிச் செல்பவருக்குக் குறைவாக இருந்தால் போதும். தரையை மட்டும் பார்த்து முடிவு செய்வது பாதிக் கணக்குதான்.

பதில் 3: பட்டறைக்காரன்

மட்டைகளைப் பழுது பார்ப்பதும் அளந்து பொருத்துவதும் என் தொழில் என்பதால், இரண்டு மூன்று செய்திகளைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். நண்பரிடமிருந்து வாங்கிய அயர்ன் என்பதால், முதலில் பிட்சிங் வெட்ஜின் லாஃப்டைக் கருவியில் வைத்து அளந்துவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் வளைத்திருக்கவும் கூடும், இதே வரிசையில் வேறு லாஃப்டிலும் ஆர்டர் செய்து வாங்குகிறார்கள்.

வெட்ஜை வளைத்து லாஃப்டை மாற்றும்போது பவுன்ஸும் மாறும். 56ஐ 55 ஆக்கினால் பவுன்ஸ் ஒரு டிகிரி குறையும்; 57 ஆக்கினால் ஒரு டிகிரி கூடும். மென்மையான எஃகில் அடித்துச் செய்த தலையை இரண்டு டிகிரி வரை அச்சமின்றி வளைக்கலாம். வார்ப்பு எஃகுத் தலைகளில் நான் மிகவும் தயங்குவேன்.

ஷாஃப்டை, அதாவது மட்டையின் தண்டை, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தனியாக விற்கும் வெட்ஜ்களில் பெரும்பாலும் 130 கிராமை ஒட்டிய கனமான எஃகு ஷாஃப்ட் வரும். உங்கள் அயர்ன்களில் இலகுவான ஷாஃப்ட் இருந்தால், முழு வீச்சில் அந்த வேறுபாடு கையில் தெரியும், நேரம் தப்பும். 45.5, 50 இரண்டையும் அதே வரிசையில் வாங்குவதற்கு இது மற்றொரு காரணம். 56இல் கனம் சற்றுக் கூடுதலாக இருப்பதை நான் குறையாகக் கருதுவதில்லை.

பழைய 56ஐ வைத்துக்கொள்வதானால், முகத்தின் பள்ளங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் ஈரப்புல்லில் பந்து சுழற்சியின்றிப் போய்க் கிரீனில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

பதில் 4: மூன்றாம் பட்

60 பற்றி யாரும் எழுதவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டாம் கைட் 60 டிகிரி வெட்ஜைப் பையில் வைத்துப் புகழ்பெறச் செய்தார்; ஆனால் அவர் நாள்தோறும் அதைப் பயின்றவர். வாரம் ஒருமுறை ஆடுபவர் 56இன் முகத்தைச் சற்றுத் திறந்து ஆடினாலே வேண்டிய உயரம் கிடைக்கும். அப்போது பவுன்ஸும் கூடுகிறது என்பதால் மணலில் இரட்டை லாபம். என்னிடமும் ஒரு 60 இருக்கிறது, கார் டிக்கியில்.

கேட்டவரின் பதில்: கிண்டிப் புல்வெளி

எல்லோருக்கும் நன்றி. பிட்சிங் வெட்ஜை அளந்துவிட்டேன், 41தான். பயிற்சித் திடலில் ஒரு நண்பரின் 45.5ஐயும் 50ஐயும் வாங்கி, பயிற்சிப் பந்துகளை விடுத்து, நான் ஆடும் பந்துகளாலேயே பத்துப் பத்தாக அடித்துப் பார்த்தேன். நன்றாகப் பட்டவை 112 கஜத்தையும் 98 கஜத்தையும் ஒட்டி விழுந்தன. 125, 112, 98, 80 என்று வரிசை அமைகிறது. கடைசிப் படி மட்டும் சற்று உயரம். அதற்காக 56ஐ விட்டு 54க்குப் போகலாமா என்று ஒரு சபலம்.

டிவட்டையும் பார்த்தேன். மேலோட்டமாகத்தான் சீவுகிறேன். மழைக்காலத்தில் திடலுக்கே அதிகம் போவதில்லை.

பதில் 5: பழைய நிப்ளிக்

மேலோட்டமாகச் சீவுபவர், கோடையில் ஆடுபவர் என்றால் பவுன்ஸ் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 54, 56 இரண்டில் எது என்பதை மணலில் முடிவு செய்யுங்கள்: உங்கள் திடலின் பங்கர் உதடுகள் ஆழமானவை என்றால் 56, இல்லையென்றால் 54, பவுன்ஸ் பத்தைத் தாண்டாமல். 45.5ஐயும் 50ஐயும் இப்போதே வாங்கிவிடலாம். பழைய 56ஐ விற்க வேண்டாம். நவம்பரில் மனம் மாறி மழைக்குப் பிந்தைய திடலுக்கு ஒரு நாள் போனால், அன்றைக்கு அதையே பையில் போட்டுக்கொள்ளலாம்.