புதுப்பிப்பு: தொட்டி மண்ணில் உமி, ஒரு திருத்தம்

தஞ்சை, திருவாரூர் களிமண் இறுகாம இருக்க ரைஸ்மில் உமியைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொல்லியிருந்தேன். அந்த அளவு தப்பு. பச்சை உமி மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கும். அதான் கத்தரியில அடியிலை மஞ்சளிக்குது. உமியோட வந்த நெல்லும் முளைக்கும்.

கருக்கின உமிதான் சரி. ஓட்டை போட்ட டின்னுக்குள்ள நெருப்பு வச்சு, சுத்தி உமியைக் குவிங்க (வைக்கோல்போர் பக்கம் வேண்டாம்). மேலே கருப்பு தெரியத் தெரியக் கிளறி, முழுசும் கருத்ததும் தண்ணி ஊத்தி அணைங்க. அசந்தா வெள்ளைச் சாம்பல்தான், பாத்திரம் தேய்க்க ஆகும். மண் 2 பங்கு, தொழுவுரம் 1, கருக்கின உமி 1.

ஏற்கெனவே மஞ்சளிச்ச செடிக்கு 50 கிராம் கடலைப் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணியில 2 நாள் ஊறவச்சு, 10 மடங்கு தண்ணி சேர்த்து ஊத்துங்க. நாத்தம் குடலைப் புரட்டும், மூடியே வைங்க.