தச்சுவேலை செய்து வாழ்ந்த அப்பாவைப் பற்றி எப்படி எழுதுவது?

கேள்வி

வணக்கம். என் அப்பா மூன்று வாரங்களுக்கு முன்பு, தமது 91ஆம் வயதில் காலமானார். 14 வயதில் ஒரு தச்சுப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், 78 வயதில் கை நடுங்கத் தொடங்கும்வரை அந்தத் தொழிலை விடவில்லை. அந்த வருமானத்தில்தான் பிள்ளைகள் நால்வரையும் ஆளாக்கினார். நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுதும்படி, மூத்தவள் என்பதால் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத உட்கார்ந்தால் ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், பாசமுள்ளவர்’ என்ற சொற்களே வருகின்றன. அவை பொய்யில்லை, ஆனால் படித்துப் பார்த்தால் அதில் என் அப்பா இல்லை. அவர் அதிகம் பேசாதவர் என்பதால் மேற்கோள் காட்ட அவருடைய சொற்களும் என்னிடம் குறைவு. அவருடைய கருவிப்பெட்டி எங்களிடம் இருக்கிறது. உளிகளில் துரு ஏறியிருப்பதால் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து நால்வரும் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் தம்பிகள். அது சரியா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நானும் நாற்பது ஆண்டுகளாக மரவேலை செய்பவன். பேசாத தச்சர் தம் பேச்சையெல்லாம் மரத்தில்தான் விட்டுச் சென்றிருப்பார்; ஆகவே எழுதுவதற்கு முன் அவர் செய்த பொருள்களைத் திருப்பிப் பாருங்கள். மேசை இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, அதன் மூலைகளில் இரண்டு பலகைகளும் விரல் கோத்ததுபோல் சேரும் இடத்தைப் பாருங்கள். ஆணி இல்லாமல், புறாவால் வடிவில் அறுத்துப் பூட்டியிருந்தால், இழுக்க இழுக்க அந்த இணைப்பு இறுகுமே தவிர விட்டுப்போகாது. யாரும் பார்க்காத பின்புறத்தை எப்படி இழைத்திருக்கிறார் என்பதையும் கையால் தடவிப் பாருங்கள்.

வீட்டில் அவர் செய்த கதவு ஏதும் இருக்கிறதா? மரம் வெட்டுண்ட பிறகும் அடங்குவதில்லை. காற்றின் ஈரத்திற்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் மிகச் சொற்பம்: பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் பொதுவாக 0.1 முதல் 0.2 சதவீதம்தான். அதனால்தான் விவரம் தெரிந்த தச்சர் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை வைத்து ஒட்டாமல், அதில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், சிறிது இடைவெளி விட்டு நிறுத்துவார். பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பலகை வெடிக்காமல் இருந்தால், அந்தக் கதவு எத்தனை பருவங்களைக் காணப்போகிறது என்று உங்கள் அப்பா செய்யும்போதே நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள். ‘கடின உழைப்பாளி’ என்பதற்குப் பதிலாக இதை எழுதுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு முறை சாணைக்கல்லில் தீட்டும்போதும் உளி மயிரிழை அளவு தேய்கிறது. அவர் அதிகம் பயன்படுத்திய உளி மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். அதை அளந்து பாருங்கள். 64 ஆண்டு உழைப்பில் ஒரு பகுதி அந்தக் குறைந்த நீளத்தில் இருக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எனினும் கைத்திறனை மட்டும் எழுதினால் குடும்பத்தில் வாழ்ந்த மனிதர் விடுபட்டுவிடுவார் என்று அஞ்சுகிறேன். கொத்தனாராக இருந்த என் அப்பாவுக்காக எழுதியபோது, உறவினர்களிடம் “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டேன், எல்லோரும் “நல்லவர்” என்றார்கள், அதோடு நின்றது. பிறகு “வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்?” என்று கேட்டதும் மூன்று பக்கம் நிறைந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் உரக்கப் பேசுபவரின் நினைவே மற்றவர்களின் நினைவாகிவிடும். அவரிடம் தொழில் கற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். தவறு செய்த பையனிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருடைய கோபமோ பிடிவாதமோ வெளிப்பட்ட ஓர் இடமும் வரட்டும். குறையே இல்லாதவராக எழுதினால் அவரோடு வாழ்ந்தவர்களுக்கே அவரை அடையாளம் தெரியாது.

மறுமொழி 3

கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அவசரப்பட்டுத் தேய்க்க வேண்டாம். பெட்டியில் அவர் எதை எங்கே வைத்திருந்தாரோ, அந்த ஒழுங்கு கலையும்முன் படம் எடுத்துவிடுங்கள். இரும்பில் உள்ள துருவை மட்டும் மெல்லிய எஃகுப் பஞ்சும் சிறிது எண்ணெயும் கொண்டு நீக்கி, ஈரமின்றித் துடைத்து, கனிம எண்ணெயை மெலிதாகப் பூசினால் போதும். மரப்பிடிகளைத் தொடவே வேண்டாம். பல ஆண்டுக் கைப்பிடியில் வழுவழுப்பாகிக் கருத்த அந்த மேற்பரப்பை உப்புத்தாள் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும், திரும்பப் பெற வழியில்லை. பிரித்துக்கொள்வது தவறன்று, இழைப்புளியைப் பழகிப் பார்க்க விரும்பும் பேரனோ பேத்தியோ இருந்தால் அவர்களிடமே கொடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று நாங்கள் நால்வரும் படித்த எழுதுமேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கால்களின் அடியில் மூன்று முறை துண்டு சேர்த்து உயர்த்தியிருக்கிறார். நாங்கள் வளர வளர மேசையும் வளர்ந்திருக்கிறது, அதே மேசையில் எழுதிய எனக்கு அது இதுவரை தெரியாது. இரண்டு அடுக்குகளில் ஒட்டு தெரியாதபடி இழைகள் பொருந்தியிருக்க, கடைசி அடுக்கில் ஒரு காலில் மட்டும் துண்டு சற்றுக் கோணலாக இருந்தது. அப்பாவின் வேலையில் இப்படி இருக்காதே என்று கடைசித் தம்பியிடம் கேட்டேன். அந்தத் துண்டைத் தன் பன்னிரண்டாம் வயதில் தானே அறுத்ததாகவும், அப்பா அதை மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அப்படியே பொருத்தியதாகவும் சொன்னான். அந்த மேசையிலிருந்தே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.