சவரக்கத்திக்கு முதல் கல்: 1000 வாங்கலாமா, 4000/8000 வாங்கலாமா?

புதுக்கத்தி:
வணக்கம். தீட்டித் தயாராக வந்த ஒரு சவரக்கத்தியில் சில மாதங்களாகச் சவரம் செய்துவருகிறேன். இப்போது தோல் வாரில் எவ்வளவு இழுத்தாலும் பழைய பதம் வரவில்லை. தாடையில் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிறது. இப்போதைக்கு ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும். 1000 எண் கல்லிலிருந்து ஆரம்பி என்கிறார் ஒரு நண்பர் (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்). ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள இரட்டைக் கல் போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்க? புதுக் கல்லை அப்படியே பயன்படுத்தலாமா, அதற்கு முன் ஏதாவது செய்ய வேண்டுமா?

நீர்க்கல்:
4000/8000 வாங்குங்கள். உங்கள் கத்தி நன்றாகச் சவரம் செய்துகொண்டிருந்த கத்தி. இரண்டு பக்கச் சரிவுகளும் வாயில் (வெட்டும் விளிம்பில்) சரியாகச் சந்தித்திருந்தால்தான் அது நடந்திருக்கும். இப்போது மழுங்கியிருப்பது வாயின் நுனி மட்டும். அதற்கு 1000 கல்லைப் போட்டால் தேவையில்லாமல் எஃகை இழப்பீர்கள்.

இன்னொன்று. சமையலறைக் கத்தி மாதிரி இதில் கோணத்தைக் கை முடிவு செய்வதில்லை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கும்; கோணத்தைத் தருவது முதுகுதான். பெரும்பாலான கத்திகளில் அது 16, 17 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆக, தீட்டும்போதெல்லாம் முதுகும் தேய்கிறது. பழகாத கையும் வேகமாக அறுக்கும் கல்லும் சேர்ந்தால் முதுகில் அகலமான பட்டை விழுந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடிச்சரிவு:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாயின் நுனி மட்டும்தான் மழுங்கியிருக்கிறது என்று கத்தியைப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? வாரைத் தொய்வாகப் பிடித்து இழுத்தாலும், திருப்பும்போது முதுகைத் தூக்கிவிட்டாலும் வாய் உருண்டுபோகும். புதிதாகப் பழகுபவர்களிடம் இது சர்வசாதாரணம்.

ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் 1000 கல்லின் துகள் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 4000-க்கு 3 மைக்ரான், 8000-க்கு 1.2 மைக்ரான். உருண்டுபோன வாயை 1.2 மைக்ரான் துகளால் சரிசெய்ய முடியுமா? நாள் முழுக்க இழுத்தாலும் சரிவு பளபளக்கும், முடி வெட்டாது. 8000 மெருகேற்றும் கல். மெருகேற்ற அங்கே ஒரு கூர் இருக்க வேண்டும். அந்தக் கூரை உருவாக்குவது 1000. அடித்தளக் கல்லை விட்டுவிட்டு மெருகுக் கல்லை முதலில் வாங்கச் சொல்வது சரியல்ல.

நீர்க்கல்:
பார்க்காமல் சொல்ல வேண்டாம் என்பது சரி. பார்த்துவிடலாம். புதுக்கத்தி, ஒரு மார்க்கர் பேனாவால் இரண்டு பக்கச் சரிவிலும் மை பூசுங்கள். கல் வந்ததும் 4000 பக்கத்தில் கத்தியின் எடை மட்டும் படும்படி இரண்டு மூன்று முறை இழுங்கள். வாயின் விளிம்புவரை மை போயிருந்தால் 4000 போதும். விளிம்போரம் மைக்கோடு மிச்சமிருந்தால் மட்டும் 1000 பற்றி யோசிக்கலாம்.

அடிச்சரிவு:
மை போனது, கல் விளிம்பின் ஓரம்வரை படுகிறது என்பதைத்தான் காட்டும். இரண்டு சரிவும் சந்தித்துவிட்டன என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதைவிட நல்ல சோதனை இருக்கிறது; கல்லும் தேவையில்லை. கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, நேர் மேலே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, லென்ஸ் வழியாக வாயை மட்டும் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கறுப்பாகத்தான் தெரியும். எங்கேயாவது வெள்ளிப் புள்ளியோ கோடோ மின்னினால், அந்த இடத்தில் வாய் தட்டையாக இருக்கிறது என்று அர்த்தம்.

தோல்வார்:
இரண்டு பேரும் செயற்கைக் கல்லையே சுற்றிவருகிறீர்கள். ஒரே கல்தான் என்றால் பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் கிடைக்கும் கோட்டிக்யூல் என்ற இயற்கைக் கல் எதற்கு இருக்கிறது? அதில் இருக்கும் கார்னெட் என்ற கனிமப் படிகங்கள்தான் அறுக்கின்றன. சின்னத் துண்டுக் கல்லால் மேலே உரசிச் சேறு எழுப்பினால் வேகமாகத் தேய்க்கும். தண்ணீர் விட்டு அந்தச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனால் அதே கல் மெருகும் போடும். புதுக் கல்லுக்கு முன்னதாக என்ன செய்வது என்று கேட்டீர்கள்; பென்சிலால் கட்டம் போட்டு அது அழியும்வரை தேய்த்துச் சமப்படுத்து என்று பலர் சொல்வதெல்லாம் மிகை. தட்டையாக அறுத்துத்தானே விற்கிறார்கள்.

அடிச்சரிவு:
கோட்டிக்யூல் அருமையான கல். ஆனால் முதல் கல்லாக வேண்டாம். பூமியிலிருந்து எடுத்தது, ஒரு துண்டு வேகமாக அறுக்கும், அடுத்த துண்டு மெதுவாக. பதம் வரவில்லை என்றால் தவறு கையிலா, கல்லிலா, சேற்றின் பக்குவத்திலா என்று புதியவருக்கு எப்படித் தெரியும்?

சமப்படுத்துவது மிகை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முதுகும் வாயும் ஒரே தளத்தில் படிவதில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. கல்லின் நடுவில் மெல்லிய குழி இருந்தால் கத்தியின் இரு கோடியும் தேயும், நடுப்பகுதி தொடாமலே போகும். புதுக் கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுச் சமமான பரப்பில் தேய்த்துப் பாருங்கள். நாலு மூலையில் கோடு அழிந்து நடுவில் அப்படியே நிற்பது புதுக் கல்லிலும் உண்டு.

நீர்க்கல்:
இதில் நான் அடிச்சரிவு பக்கம். புதுக்கத்தி, செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பலர் சறுக்குவது இங்கேதான்.

தடிமனான சமக் கண்ணாடியை நனைத்து, அதன்மேல் 220 வாட்டர் பேப்பரை ஒட்டவையுங்கள். 4000/8000 இரட்டைக் கல் ஊறவைக்கும் வகை என்றால் முதலில் தண்ணீரில் போட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள், கால் மணி நேரம் ஆகலாம். பிறகு கல்லில் பென்சில் கட்டம். தண்ணீர் விட்டுக்கொண்டே தாளின்மேல் கல்லை எட்டு வடிவத்தில் தேய்த்து, அவ்வப்போது கல்லை முனை மாற்றித் திருப்புங்கள். கட்டம் முழுவதும் அழிந்ததும் திரும்பவும் கட்டம் போடுங்கள். இந்த முறை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அழிய வேண்டும். 8000 பக்கத்தை 220-உடன் விட்டுவிடாமல் 400, 600 தாளில் முடியுங்கள். அப்புறம் நாலு ஓரத்தையும் 45 டிகிரியில் சாய்த்து உரசி மழுக்குங்கள். கூரான கல் ஓரத்தில் கத்தியின் வாய் இடித்தால் அதில் சிறு வெட்டு விழும்.

கடைசியாக, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தாளிலிருந்து உதிர்ந்த ஒரு 220 துகள் 8000 பக்கத்தில் ஒட்டியிருந்தால் போதும், ஒவ்வொரு இழுப்பிலும் வாயில் கீறல் போடும். தாளுக்குப் பதில் வைரத்துகள் பதித்த தகடு வாங்க முடிந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது.

அடிச்சரிவு:
ஒரு சேர்ப்பு. எல்லாக் கல்லையும் ஊறப்போடாதீர்கள். ஷாப்டன் நிறுவனத்தின் கல்லுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும். மக்னீசியாவால் பிணைத்த கல்லை நெடுநேரம் ஊறவைத்தால் விரிசல் விடும். எந்தக் கல்லையும் வெயிலில் காயவைக்க வேண்டாம், நிழலில் காயட்டும்.

தோல்வார்:
ஓரத்தை மழுக்குவதும் கழுவுவதும் எந்தக் கல்லுக்கும் தேவை, அதை ஏற்கிறேன். ஆனால் கட்டம் மறையும்வரை தேய்த்தே ஆக வேண்டும் என்றால் கல்லின் ஆயுள்தான் குறையும். கத்தியைக் குறுக்காக இழுத்து எக்ஸ் வடிவில் ஓட்டினால் சின்ன மேடுபள்ளத்தை அதுவே சமாளித்துவிடும்.

அடிச்சரிவு:
எக்ஸ் ஓட்டம் கல்லின் அகலம் போதாததற்கும் கத்தியின் லேசான வளைவுக்கும் உதவும். குழிந்த கல்லைத் தட்டையாக்காது. பழகிய கை சமாளிக்கும், முதல் கல் வாங்குபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

புதுக்கத்தி:
எல்லோருக்கும் நன்றி. விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாய் முழுக்கக் கறுப்பு. முனையோரம் ஓர் இடத்தில் மட்டும் கடுகளவு வெள்ளிப் புள்ளி மின்னுகிறது.

நீர்க்கல்:
அப்படியென்றால் 4000/8000 போதும். கடுகளவு இடத்தை 4000 எடுத்துவிடும், பொறுமைதான் வேண்டும். புள்ளி மறையும்வரை 8000 பக்கம் போகாதீர்கள்.

அடிச்சரிவு:
புள்ளியைப் போக்க வாய் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டுமே. 1000 அதைச் சீக்கிரம் செய்யும். 4000-ல் ஆயாசப்பட்டு அழுத்த ஆரம்பிப்பீர்கள், அப்போது முதுகும் தேயும். என் கருத்து மாறவில்லை.

புதுக்கத்தி:
4000/8000-ஐயே வாங்குகிறேன். அழுத்தாமல் முயல்கிறேன். புள்ளி அசையவில்லை என்றால் அடுத்து 1000.

அடிச்சரிவு:
சரி. 4000 முடிந்ததும் கத்தியைக் கையில் தோலை ஒட்டி வைத்து முடியை மழித்துப் பாருங்கள். கத்தியின் குதிகாலிலிருந்து (கைப்பிடிப் பக்கக் கோடி) முனைவரை எல்லா இடமும் ஒரே மாதிரி மழிக்க வேண்டும். அந்தப் புள்ளி இருந்த இடம் மட்டும் மழிக்காமல் நழுவினால் 8000-க்குத் திருப்பாதீர்கள், இங்கே எழுதுங்கள்.