பெரும்பாக்கத்துக்கு தையல் மெஷின்: ஓவர்லாக் வேணுமா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினார்: "2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னை அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு மாத்தின குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்தா போதும், ஆறே மாசத்துல சொந்தக் கால்ல நிப்பாங்க." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. ஓவர்லாக் இல்லாத, அதாவது வெட்டின ஓரம் பிரியாம மெஷின்ல அடிக்காத நைட்டியை எந்தக் கடை எடுக்கும்? ரெண்டு துவைப்புல உள்பக்கம் நூல் நூலா வந்துடும்.

ஊசிமுனை:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஓவர்லாக் வராத காலத்துல ஊர்ல யாரும் துணியே தைக்கலையா? ஓரத்துல ஜிக்ஜாக், அதான் வளைவுத் தையல், போடுங்க. இல்லேன்னா தெருமுனைக் கடையில கொடுத்து ஓவர்லாக் அடிச்சு வாங்குங்க.

கணக்குப்பிள்ளை:
ஜிக்ஜாக் துணியை வெட்டாது சார். ஓவர்லாக்ல கத்தி இருக்கு, பிசிறை வெட்டிக்கிட்டே மூணு நூலால சுத்தித் தைக்கும். ஒரு ப்ளவுஸுக்கு வெளியில கொடுக்கலாம். நாளைக்குப் பத்து நைட்டின்னா? ஒவ்வொண்ணுக்கும் தோள் ரெண்டு, பக்கம் ரெண்டு, கை ரெண்டு. அந்த மூட்டையோட லிஃப்ட் ஓடாத நாள்ல அத்தனை மாடியும் இறங்கி ஏறணும்.

கரைவாசி:
எல்லாரும் தையலையே பிடிச்சுத் தொங்குறீங்க. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகள்ல வேலை பார்த்தவங்களுக்குப் போனது வேலை செய்ற இடம். அரசு உதவின்னு மாசம் 2,500 ரூபாய், அதுவும் 12 மாசம்தான் கொடுத்தாங்க. இட்லி வண்டி போடட்டும்னா, பழைய நடைபாதைக்கு வாங்கின வியாபாரி அட்டை புது இடத்துல செல்லுமா? அட்டையோ உள்ளாட்சி பரிந்துரைக் கடிதமோ இல்லாம, தெருவோர வியாபாரிகளுக்குன்னு 2020-ல வந்த மத்திய அரசோட ஸ்வநிதி கடன் எப்படிக் கிடைக்கும்?

ஊசிமுனை:
கரைவாசி, நடுவுல புகுந்து திசை திருப்பாதீங்க. பேச்சு ஓவர்லாக்கைப் பத்தி.

கரைவாசி:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. ஞாபகம் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
விடுங்க. எந்த மெஷின் கொடுக்குறாங்கங்கிறதையும் பார்க்கணும். மிதி மெஷினுக்கு ஹெச்ஏ ஊசி, ஒரு பக்கம் தட்டை. கம்பெனிகள்ல ஓடுற பவர் மெஷினுக்கு டிபி (DB) ஊசி, காம்பு முழுக்க உருண்டை. ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டுக் கொடுத்தா மாத்திப் போட்டு, தையல் விட்டு விட்டு விழும். அப்புறம் மெஷின் கெட்டுதுன்னு ஓரமா வச்சிடுவாங்க.

பவர் மெஷின்ல வர்ற பழைய மாதிரி கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்துலயும் சுத்திக்கிட்டே இருக்கும். முழுசா 400 வாட் இழுத்தா, நாளைக்கு 6 மணி நேரம், மாசம் 25 நாள்: 60 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 120. வீட்டுக்குக் கிடைக்குற இலவச யூனிட்ல பெரும்பகுதியை இதுவே தின்னுடும், ஃபேனும் லைட்டும் வேற. செர்வோ மோட்டார் மிதிச்சாத்தான் ஓடும், அதைத்தான் கொடுக்கணும்.

ஓவர்லாக்குக்கு வர்றேன்: வீட்டுக்கு ஒண்ணு வேண்டாம், ஆறு தையல் மெஷினுக்கு ஒரு ஓவர்லாக். அது வேகமா ஓடுறதால ஆறு பேருக்கும் ஈடு கொடுக்கும்.

ஊசிமுனை:
அந்த ஒண்ணை எங்க வைப்பீங்க? தரைத்தளத்துலயா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்குப் பெரும்பாக்கத்துல தண்ணி நின்னது. மோட்டார் மேசைக்கு அடியில முழங்கால் உயரத்துல தொங்குது. நனைஞ்சா காயில் போச்சு. வெள்ளத்துல தப்பினவங்களுக்கு வெள்ளத்துல மூழ்குற மெஷினா?

கணக்குப்பிள்ளை:
முதல் மாடியில வைங்க.

மாடிவீடு:
யார் வீட்டுல? மகளிர் குழுத் தலைவி வீட்டுலன்னா அது தலைவியோட மெஷின் ஆயிடும். லூப்பர், அதான் ஓவர்லாக்ல நூலைச் சுத்துற கொக்கி, உடைஞ்சா யார் காசு? தடிச்ச மடிப்பைத் திணிச்சா ஊசி வளைஞ்சு லூப்பர்லதான் அடிக்கும், புதுக் கைக்கு அடிக்கடி நடக்கும். பீஸுக்கு இவ்வளவுன்னு பராமரிப்புக்குப் பிடிச்சு வைக்கணும்.

ஊசிமுனை:
பார்த்தீங்களா, ஓவர்லாக் வந்தாலே சண்டை. வீட்டுக்கு ஒரு மெஷின், அதுவே போதும்.

கணக்குப்பிள்ளை:
எதுக்குப் போதும்? கிழிஞ்ச பாவாடை தைக்கவா? ஓவர்லாக் இல்லாத பத்து நைட்டியை எந்தக் கடை வாங்கும்னு முதல்லயே கேட்டேன். ஒரு கடை சொல்லுங்க.

ஊசிமுனை:
வெட்டின ஓரத்தை உள்ளே மடிச்சு மூடுற உள்மடிப்புத் தையல் போட்டா வாங்குவாங்க.

கணக்குப்பிள்ளை:
ஒவ்வொரு இணைப்பையும் ரெண்டு தடவை தைக்கணும். நாளைக்குப் பத்து நைட்டி வராது, கூலியும் குறையும். கடை பேரைச் சொல்லுங்க.