லிபர்ட்டி சரக்குக் கப்பலின் மர மாதிரி: உடல் வழுவழுப்பாக வர என்ன வழி?

கேள்வி – கல்லடி, மட்டக்களப்பு

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,710 கப்பல்களாகக் கட்டி இறக்கிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலை, இருநூற்றில் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்து வருகிறேன். 441 அடி 6 அங்குல நீளக் கப்பல் இந்த அளவில் ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர் ஆகிறது. வாவிக்கரையில் தோணி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அதே வழக்கப்படி குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் தேக்குக் கீற்றுகளை ஒட்டினேன். மாரி தொடங்கியதும் கீற்றுகள் ஊதி, பொருத்துகள் எல்லாம் வரிவரியாக மேலெழுந்துவிட்டன. தேய்த்துப் பட்டி பூசினாலும் அடுத்த மழைக்கு மீண்டும் தெரிகின்றன. பார்ப்பவர்கள் இதனை மரக்கப்பல் என்றே எண்ணுகிறார்கள்; எனக்கு வேண்டியதோ உருக்குக் கப்பல். முழுவதையும் கழற்றிவிட்டுத் தொடங்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

பதில் – கல்முனை

அண்ணன், கீற்று ஒட்டுவதைக் கைவிடுங்கள். எங்கள் குடும்பம் ஓடாவிக் குடும்பம். நான் இரண்டு கப்பல் மாதிரிகளைப் பலகை அடுக்கு முறையில் செய்திருக்கிறேன். 10 மில்லிமீற்றர்ப் பலகைகளைக் கிடையாக அடுக்கினால் உங்கள் உடலுக்கு ஆறு அடுக்குப் போதும். முன்பக்கம் தளம் உயர்வதற்கு இன்னும் ஒரு துண்டு வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் நடுக்கோட்டில் இரண்டாக அறுத்து மீண்டும் ஒட்டுங்கள். எவ்வளவு செதுக்கினாலும் அந்த ஒட்டுக்கோடு மறையாது, இடம் வலம் பிசகாது. ஒட்டுவதற்கு முன்பே உட்பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள்; முழுக்கட்டை வெடிக்கும். மரத்துக்கு மலைவேம்பு நல்லது. பாரம் குறைவு, உளிக்கு இணங்கும்.

இனி முக்கியமானது. எல்லோரும் வெளிப்பக்கத்துக்கு மட்டும் சீலர், அதாவது ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சு, பூசுகிறார்கள். உட்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்க, பலகை வளைகிறது. உள்ளும் வெளியும் ஒரே எண்ணிக்கையில் பூச வேண்டும். உங்கள் கீற்றுகள் எழுந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பதில் – அக்கரைப்பற்று

முன்னவர் சொன்னது முற்றிலும் சரி. நான் பல வருடங்கள் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவன். அமெரிக்காவின் பால்ட்டிமோரில் பேணப்படும் ஜோன் டபிள்யூ. பிரவுண் என்ற லிபர்ட்டிக் கப்பலில் ஏறிப் பார்த்திருக்கிறேன். அதன் மேல்தளம் உருக்கு. மாதிரி செய்கிற பலர் அழகுக்காகத் தளத்தில் பலகை வரிகளைக் கீறிவிடுகிறார்கள்; தயவுசெய்து அதனைச் செய்யாதீர்கள். மரம் இருந்த இடம் சரக்கறை வாய்களின், அதாவது சரக்கை ஏற்றி இறக்கும் தளத் திறப்புகளின், மூடிகள்தான். ஐந்து வாய்களில் மூன்று நடுக்கட்டடத்துக்கு முன்னும் இரண்டு பின்னும் இருக்கும். மூடிப் பலகைகளின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதற்குத் துணி பயன்படுத்தினால் இந்த அளவில் இழைகள் சாக்குப்போலத் தெரியும். மெல்லிய ரிஷூக் கடுதாசியைப் பசையில் நனைத்துப் போர்த்துங்கள்.

எந்த ஆண்டுக் கப்பல் என்பதையும் முதலில் தீர்மானியுங்கள். தறையாணிக்குப் பதிலாகப் பெரும்பாலும் பற்றவைத்துக் கட்டியதனால்தான் 1942 நவம்பரில் ரொபர்ட் ஈ. பியரி என்ற லிபர்ட்டிக் கப்பல் கட்டத் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் நீரில் இறங்கியது. ஆனால் குளிர்க்கடலில் சில கப்பல்களின் உடல் பிளந்தது. குளிரில் அந்த உருக்கு நொறுங்கும் தன்மை அடைந்ததை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உலோகவியலாளர் கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் நிறுவினார். சரக்கறை வாயின் கூரான மூலைகளில் விசை குவிந்ததும் வெடிப்புக்கு இடம்கொடுத்தது. பின்னர் அம்மூலைகள் வலுப்படுத்தப்பட்டன. ஆகவே 1942க்குரிய மாதிரியில் மூலைகள் கூராகவே இருக்கட்டும்.

கேட்டவர் – கல்லடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 1942ஐயே எடுத்துக்கொள்கிறேன், அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கியதைக் கேட்டு வளர்ந்ததனால்தான் இந்த ஆசையே பிறந்தது. மழை நிற்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில் – கல்முனை

ஒட்டுவதற்குக் காத்திருங்கள், அண்ணன். பலகையை இப்போதே வாங்கி, மாதிரியை வைக்கப்போகும் அறையிலேயே இடையிடையே சிறு கட்டைகள் கொடுத்து அடுக்கி வையுங்கள். தை பிறந்து வெயில் நிலைத்தபின் அறுக்கலாம். அதுவரை ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். செதுக்கும்போது கண்ணை நம்பாமல் அச்சை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், முக்கியமாகப் பின்புறத்தில் சுக்கானுக்கு மேலுள்ள வளைவில்.