ஃபைனல் ஃபேன்டசி 6: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஃபைனல் ஃபேன்டசி 6 வீடியோ விளையாட்டை முதன்முறையாக ஆடவிருக்கும் என் தங்கைக்கு எந்தப் பதிப்பை வாங்கித் தரலாம் என்பதில் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

1994 ஏப்ரலில் ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்காக வெளியான இந்த விளையாட்டு, தொடரின் 2, 3, 5ஆம் பாகங்கள் அதுவரை அமெரிக்காவுக்குச் செல்லாததால், அதே ஆண்டு அக்டோபரில் அங்கே ‘ஃபைனல் ஃபேன்டசி 3’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் 1999இல் பிளேஸ்டேஷனுக்கும், 2006இல் கேம் பாய் அட்வான்ஸுக்கும், 2014இல் கைப்பேசிக்கும் வந்தது. 2022 பிப்ரவரியில் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்ற புதுப்பிக்கப்பட்ட பதிப்பு வெளியானது.

கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பில் மூலத்தில் இல்லாத டிராகன்களின் குகை என்ற கூடுதல் பகுதியும், நான்கு புதிய எஸ்பர்களும் (போரில் உதவிக்கு அழைக்கும் மாய உயிரினங்கள்) உண்டு. ஆனால் ஒலித்தரம் மூலத்தைவிடக் குறைவு. நோபுவோ உவெமாட்சுவின் இசைக்காகவே ஆட வேண்டிய விளையாட்டில் இது பெரிய இழப்பு என்பேன். கதாபாத்திரங்களில் ஒருவரான செலஸ் மேடையேறும் ஓபரா காட்சியில் மூலப் பதிப்பு மின்னணு ஒலியால் மனிதக் குரலைப் போலச் செய்தது; பிக்சல் ரீமாஸ்டரில் உண்மையான பாடகர்களே பாடுகிறார்கள். ஆனால் அந்தக் குகை அதில் இல்லை.

இரண்டையும் முழுவதுமாக ஆடியவர்கள், புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தக் குகை இல்லாதது குறையாகத் தெரியுமா என்று சொல்ல வேண்டுகிறேன். பிக்சல் ரீமாஸ்டரைக் கைப்பேசியில் ஆடியவர்கள், தொடுதிரையில் நீண்ட நேரம் ஆடுவது வசதியாக இருக்கிறதா, அல்லது நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கான பதிப்பே மேலானதா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.